அறுபத்தொண்டு ஸ்டார்லெட்

— காரின்ர பொனற் திறக்காது, ரீச்சர். கொக்கி இறுகிப்போச்சு.

— போன ஞாயிறு திறந்ததே, அல்பிரட் அண்ணை. நீங்கள் பூசை முடிஞ்சு வந்து ஸ்டார்ட் பண்ணேக்க நானும் இஞ்சதான் நிண்டனான்.

— அண்டைக்குத் திறந்தது, இண்டைக்கு இறுகிப்போச்சு. உப்புக்காத்து, கேட்டியளே. துறைமுகத்துக்குப் பக்கத்தில கராச் போட்டவன் விசரன் எண்டு என்ர மனிசி மாகிரட் சாகுமட்டும் சொன்னவ.

— கார் வாங்க ஆனந்தராசா பதினொரு மணி பஸ்ஸில புல்மோட்டையில இருந்து வாறார். வந்த உடனை எஞ்சின் நம்பரைப் பாக்கவேணுமாம். கார்ப் பதிவுப் புத்தகத்தில இருக்கிறதும் எஞ்சினில வெட்டியிருக்கிறதும் ஒண்டெண்டால்தான் எடுப்பாராம்.

— அந்த மனிசனுக்கு ஏன் இந்தப் பழசு? எண்பத்தொண்டாம் ஆண்டு வந்த கார். பதினெட்டு வயசாகுது. பிள்ளையெண்டால் வோட்டுப் போடும்.

— அங்க மணல் றோட்டாம். பின்சில்லு தள்ளுற கார்தான் மணலுக்க போகுமாம்.

— அப்ப விசயம் தெரிஞ்ச ஆள்தான். பின்சில்லு தள்ளுற ஸ்டார்லெட்டில இந்த அறுபத்தொண்டுதான் கடைசி. பேந்து வந்த எழுபத்தொண்டு, எண்பத்திரண்டு, தொண்ணூற்றொண்டு எல்லாம் முன்சில்லு இழுக்கிறது. கொம்பனி போட்ட மொடல் நம்பர்தான் எங்களுக்குப் பேர். குடும்பம் ஒண்டு, குணம் வேறை.

— நான் கார்க் கதை கேக்க வரேல்லை, அண்ணை.

— கேளுங்கோ, ரீச்சர். அவசரப்படாதையுங்கோ. இது வந்த காலத்தில ஊருக்குள்ள ஓடினது முழுக்க மொறிஸ் மைனர். ஆளுக்கு ஒரு இடம், சாமானுக்கு வேறை இடம். இதைக் கண்ட உடனை சனம் சிரிச்சது, பின்பக்கத்தை வெட்டிப்போட்டு வித்திருக்கிறாங்கள் எண்டு. சிரிக்காத ஆள் உங்கட மனிசன் ஒராள்தான். பின்கதவை மேல தூக்கினார், பின்சீற்றை மடிச்சார், நிண்டு பாத்தார். 'அல்பிரட், இதில ஒரு ஆளைக் கிடத்திக்கொண்டு போகலாம்' எண்டார். அப்பிடித்தான் எனக்கு குலசிங்கத்தைத் தெரியும்.

— கிடத்திக்கொண்டுதான் போனவர். திரியாயில இருந்து, சல்லியில இருந்து. பிள்ளைத்தாச்சியள், பாம்பு கடிச்சதுகள். ஒரு கிழமையில ரெண்டு தரம் நான் அந்தச் சீற்றைக் கழுவியிருக்கிறன்.

— வாடகைக்கு ஹயர் ஓடின ஆக்கள் கனபேர் இருந்தவை. இருட்டினாப்போல ஆஸ்பத்திரிக்கு வாறன் எண்ட ஆள் அவர் மட்டும்தான்.

— றோட்டில திரியிற மானொண்டு உள்ள வந்திட்டுது, கலையுங்கோ. சீற் பஞ்சைத் தின்னுது.

— சூ! போ அங்கால! ஊரில புல் இல்லையெண்டு கராச்சுக்க வந்து பஞ்சு தின்னுதுகள். சண்டையால மானுக்கும் வாய் கெட்டுப்போச்சு.

— சாவியைத் தாங்கோ. நான் திறக்கிறன்.

— பொனற்றுக்குச் சாவி ஏது, ரீச்சர்.

— அப்ப உள்ளுக்க இருக்கிற பிடியை இழுக்கிறன். எனக்குத் தெரியும் அது எங்க இருக்கெண்டு.

— வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ. காரை வித்துத்தான் ஆகவேணுமோ? இது உங்களிட்டைச் சோறு கேக்கேல்லை. ஒன்பது வருசமா இந்த மூலையில நிக்குது. கிழமைக்கு ஒருக்கா நான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன், றயருக்குக் காத்தடிக்கிறன். நிண்டிட்டுப் போகட்டும்.

— அண்ணை, நான் மரணச் சான்றிதழ் எடுத்திட்டன்.

— என்ன?

— போன மாதம். காணாமல் போனவைக்குக் குடுக்கினமே, அது. அது இருந்தால்தான் கார் என்ர பேருக்கு வரும், விக்கலாம். அவர் இல்லையெண்டு நான் கையெழுத்து வைச்சன். ரெண்டு இடத்தில.

— மாதாவே. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.

— சொன்னால் வேண்டாம் எண்டிருப்பியள். இந்தக் கார் இஞ்ச நிக்கிறவரைக்கும் நீங்களும் நானும் அதுக்குக் காவல் நிப்பம். எனக்குக் காணும். அம்பத்திநாலு பிள்ளையளுக்கு முன்னால நிண்டு படிப்பிக்கிறன், ரெண்டாம் மணி அடிக்கேக்க இண்டைக்கு ஆரும் வந்து ஏதும் சொல்லுவினமோ எண்டு வாசலைப் பாக்கிறன். ஒன்பது வருசமாப் பாக்கிறன்.

— வருவார் எண்டுதான் நானும்...

— நீங்கள் நினைக்கேல்லை. ஆமிக் காம்பில காரை எடுக்கப் போன அண்டைக்கு நீங்களும்தானே என்னோடை வந்தனீங்கள்.

— வந்தனான். ஆறு மாதம் கழிச்சு, தள்ளிக்கொண்டு போ எண்டாங்கள். ஆளெங்க எண்டு கேட்டால், அப்பிடி ஒராளை நாங்கள் பிடிக்கேல்லை எண்டாங்கள்.

— பிடிக்காத ஆளின்ர காரை எப்பிடித் திருப்பித் தந்தாங்கள் எண்டு நான் கேட்டனான்.

— ஓம். நான்தான் உங்கட கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். மூண்டு மைல் தள்ளினம்.

— நீங்கள் தள்ளினீங்கள். நான் ஸ்டியறிங் பிடிச்சன். அதுதான் நான் கார் ஓட்டினது. அதுக்குப் பிறகு ஓட்டேல்லை. பொனற்றைத் திறவுங்கோ, அண்ணை. நம்பர் பிழைக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அவரின்ர எஞ்சின் வெடிச்சது. நீங்கள் வேறை எஞ்சின் போட்டனீங்கள். அது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ? வீட்டு முத்தத்தில இருந்துதானே கட்டி இழுத்துக்கொண்டு போனனீங்கள்.

— எஞ்சின் போட்டது தெரியும். மிச்சம் தெரியாது உங்களுக்கு.

— அப்ப மிச்சத்தைச் சொல்லுங்கோ.

— நான் சுத்தி வளைச்சுத்தான் வருவன். எனக்கு நேராச் சொல்லத் தெரியாது.

— வளைச்சே வாங்கோ. பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு.

— எண்பத்தாறு, எண்பத்தேழாம் ஆண்டில எழுபத்தொண்டு மொடல் வரத் தொடங்கினது. பேர் ஸ்டார்லெட்தான். பொனற்றைத் திறந்து பாத்தன், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இந்தக் காரில எஞ்சின் நெடுக்க இருக்கு, கேட்டியளே. மூக்கில இருந்து வால் பக்கம் பாத்தபடி. அதில குறுக்க இருக்கு. தோளுக்குத் தோள் வைச்ச மாதிரி. அண்டைக்கே நான் மாகிரட்டிட்டைச் சொன்னனான், தேப்பனுக்கும் மகனுக்கும் இனிச் சட்டை மாறிப் போடேலாது எண்டு.

— சரி.

— பேந்து எண்பத்திரண்டு. அது சண்டைக்குப் பிறகுதான் இஞ்ச வந்தது, யப்பானில ஓடிக் களைச்சதை வாங்கிக்கொண்டு வந்தாங்கள். மூலை எல்லாம் உருண்டுபோச்சு. போன வருசம் தொண்ணூற்றொண்டு. அதில ஸ்டியறிங்குக்குள்ள காத்துப் பை. சென்றியில மறிக்கிற ஆமிப் பெடியங்கள் இதுக்குள்ள என்ன எண்டு தட்டித் தட்டிப் பாக்கிறாங்கள். இப்ப அதையும் நிப்பாட்டியாச்சாம். இனி ஸ்டார்லெட் எண்டு ஒண்டு வராதாம். வேறை பேரில, முட்டை மாதிரி ஒண்டு வருதாம். பேரே முடிஞ்சுபோச்சு.

— நீங்கள் எண்பத்தேழில இருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் பாய்ஞ்சிட்டியள். தொண்ணூறாம் ஆண்டை விட்டிட்டியள். தொண்ணூறு வைகாசி, அண்ணை.

— வைகாசியிலதான் அவற்ற எஞ்சின் புளொக் வெடிச்சது. ஒட்டேலாத வெடிப்பு. அந்த நேரம் உவர்மலையில ஒரு எழுபத்தொண்டு மரத்தில அடிபட்டுக் கிடந்தது. எஞ்சின் பவுண் மாதிரி. கடதாசி எல்லாம் சுத்தம். கார்ச் சொந்தக்காரன் எடு எண்டான். நான் போய் அளந்து பாத்தன். அளக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும், எண்டாலும் அளந்தன். குறுக்க இருந்ததை நெடுக்க வைக்கேலாது, ரீச்சர். அது மட்டும் ஏறியிருந்தால் இண்டைக்கு குலசிங்கம் இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருப்பார்.

— பழைய கொரோலா எஞ்சின் ஏறும் எண்டு அவர் சொன்னவரே.

— ஏறும். லைட்ஏஸ் வானின்ர எஞ்சினும் ஏறும். அந்த நேரம் ஆரிட்டை இருந்தது? ஓடக்கூடிய வானெல்லாத்தையும் துவக்கு வைச்சிருந்தவங்கள் எல்லாரும் மாறி மாறிக் கொண்டு போயிட்டாங்கள். கடைசியில ஒரே ஒரு அறுபத்தொண்டு எஞ்சின் கிடைச்சது. திரியாய் தங்கரத்தினத்தின்ர காரில இருந்தது. மனிசன் ஊரை விட்டுப் போகேக்க தேப்பனிட்டை விட்டிட்டுப் போனது. தேப்பன் விறகுக்கு மேல வைச்சிருந்தார். நான்தான் போய்ப் பாத்து, நல்லதெண்டு சொல்லி, கொண்டுவந்து போட்டனான்.

— நீங்கள் நல்லதுக்குத்தானே...

— தங்கரத்தினத்தை ஆமிக்காரர் தேடுறாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவரின்ர கார் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் சென்றியில பட்டியலில இருந்திருக்கு.

— டொம்மெண்டு என்ன சத்தம்?

— நேவிக்காரர் துறைமுகத் தண்ணிக்க குண்டு போடுறாங்கள். தண்ணிக்கடியால ஆரும் வரக்கூடாதாம். பயப்பிடாதையுங்கோ.

— நான் பயப்பிடேல்லை. நிப்பாட்டாமல் சொல்லுங்கோ.

— கேளுங்கோ. நம்பரை அராவிப்போட்டுப் பழைய நம்பரை வெட்டிவிடவோ எண்டு கேட்டனான். எல்லாரும் செய்யிற வேலைதான். குலசிங்கம் வேண்டாம் எண்டிட்டார். 'களவு வேலை எனக்குச் சரிவராது. எஞ்சின் மாத்தினது எண்டு எழுத்தில தா. கொழும்புக்கு அனுப்பிப் புத்தகத்தில ஏத்துவம். சீல் குத்தின கடிதம் வரும்மட்டும் நான் சென்றி தாண்டமாட்டன், முத்தத்திலயே நிக்கட்டும் கார்' எண்டார்.

— ஓம். சொன்னவர். வீட்டிலயும் வந்து சொன்னவர்.

— எழுதுறது என்ர வேலையில்லை. என்ர கை பட்டால் கடதாசி கறுத்துப்போகும். கராச்சுக் கடிதமெல்லாம் மாகிரட்தான் எழுதிறவ. எஞ்சின் மாத்தினால் என்ன நம்பர் கழட்டினது, என்ன நம்பர் போட்டது, ஆரிட்டை வாங்கினது எல்லாம் எழுதுவா. கடிதத்தின்ர தலையில சின்னனா ஒரு சிலுவை போடுவா. அதைப் போட்டிட்டுத்தான் தொடங்குவா. நான் நம்பரைப் பாத்து ஒரு சிகரெட் பெட்டி மட்டையில எழுதி, சட்டைப் பொக்கற்றில வைச்சனான். குலசிங்கத்திட்டை, நாளைக்குக் கடிதம் தாறன் எண்டனான்.

— பிறகு?

— பிறகு நாள் எங்க இருந்தது? அடுத்த கிழமை சண்டை வெடிச்சது. எங்கட வீட்டுக்கு நெருப்பு வைச்சாங்கள், கராச்சுக்கு நெருப்பு வைச்சாங்கள். பள்ளிக்கூடத்தில அகதியாக் கிடந்தம். அங்கதான் மாகிரட்டுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். பத்தாம் நாள் போயிட்டா. மட்டையும் இல்லை, சட்டையும் இல்லை, கடிதக் கொப்பியும் சாம்பல்.

— அப்ப கடிதம்...

— நான் அவளிட்டைச் சொல்லேல்லை, ரீச்சர்! எழுது எண்டு சொல்ல மறந்திட்டன். ஒன்பது வருசமா யோசிக்கிறன். அண்டு இரவு சாப்பிட்டது ஞாபகம், கீரிமீன் பொரியல். லாம்பு புகைச்சது ஞாபகம். கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லு அவளிட்டைச் சொன்னதா ஞாபகம் இல்லை. குலசிங்கம் கடிதம் இல்லாமல்தான் அந்தச் சென்றிக்குப் போனவர். என்னாலதான் போனவர். இதுதான் அந்த மிச்சம். இதைத்தான் இந்தப் பொனற்றுக்குக் கீழ வைச்சுப் பூட்டி வைச்சிருக்கிறன்.

— கடிதம் இருந்தால் விட்டிருப்பாங்களோ?

— ஏன் கேக்கிறியள்?

— சொல்லுங்கோ. நான் கேக்கவேணும்.

— விட்டிருப்பாங்கள்.

— எப்பிடித் தெரியும்? பட்டியலில இருந்த நம்பர்தானே.

— சல்லி நல்லம்மா சொன்னவ. அவவின்ர மகளுக்குத்தானே அண்டைக்குப் பிள்ளைபெற வயித்துக்குத்து, அவையளைத்தானே ஏத்திக்கொண்டு வந்தவர். முன்னுக்கு ஒரு லொறி நிண்டதாம். அதுவும் எஞ்சின் மாத்தினது. பட்டியலிலயும் நம்பர் இருந்ததாம். லொறிக்காரன் ஒரு கடிதத்தைக் காட்டினானாம், கொழும்புச் சீலோடை. வாசிச்சுப்போட்டுப் போ எண்டிட்டாங்களாம். பிறகு குலசிங்கத்தின்ர முறை. துணியால நம்பரைத் துடைச்சுப் பாத்தாங்களாம். கடதாசி எங்க எண்டு மூண்டு தரம் கேட்டாங்களாம். மூண்டு தரமும் அவர், வரும், கொழும்பில இருந்து வரும் எண்டாராம்.

— வரும் எண்டாரோ.

— அப்பிடித்தான் நல்லம்மா சொன்னவ. என்னை நம்பித்தானே சொல்லியிருக்கிறார். நாளைக்குத் தாறன் எண்டு சொன்னவன் நான்தானே.

— அந்தப் பிள்ளை?

— தாயை வேறை வாகனம் மறிச்சு ஏத்திவிட்டவங்கள். பிள்ளை தப்பிச்சுது. இப்ப ஒன்பது வயசு. ஆனால் அவரை... இனி என்னை என்ன சொல்லவேணுமோ சொல்லுங்கோ, ரீச்சர். மண்ணள்ளித் திட்டுங்கோ. மாதாமாதம் நீங்கள் கட்டிக்கொண்டு வாற பிட்டை என்னால விழுங்க ஏலாது. மனிசனைக் கொன்றவனுக்கு மனிசி சோறு கொண்டுவாறா எண்டு நினைச்சுக்கொண்டுதான் ஒவ்வொரு கவளமும் உள்ள போகும்.

— அண்ணை, உங்களுக்குக் கண்ணாடி எங்க?

— கண்ணாடி ஏன்?

— போடுங்கோ. இதைப் பாருங்கோ.

— என்ன இது? பழைய கடித உறை. முத்திரை ஒட்டிக் கிடக்கு... மேல தபால்கந்தோர் சீல் விழேல்லையே.

— உள்ளுக்க எடுங்கோ.

— மெல்ல. மடிச்ச இடம் கிழியுது. ... யேசுவே. சிலுவை. இது மாகிரட்டின்ர சிலுவை.

— ஓம்.

— இது அவவின்ர எழுத்து, ரீச்சர். பாருங்கோ, இந்த 'ழ'வுக்கு வால் இழுத்திருக்கிறா. என்னட்டை அவவின்ர ஒரு எழுத்தும் இல்லை. படம்கூட இல்லை, எல்லாம் எரிஞ்சுபோச்சு. கழட்டின எஞ்சின் நம்பர், போட்ட எஞ்சின் நம்பர், திரியாய் தங்கரத்தினத்தின்ர தேப்பன்... எல்லாம் சரியா எழுதியிருக்கிறா. நான் சொல்லேல்லையே! நான் சொல்லாமல் எப்பிடி எழுதினவ?

— உங்கட சட்டையைத் தோய்க்க எடுக்கேக்க பொக்கற்றில சிகரெட் மட்டை இருந்ததாம். நம்பரைக் கண்ட உடனை அவவுக்கு விளங்கிட்டுது. 'இந்த மனிசன் மறந்துபோகும், இரும்பு மட்டும்தான் அவரின்ர தலைக்குள்ள நிக்கும்' எண்டு சிரிச்சவ. பின்னேரம் சைக்கிளில வந்து குடுத்தவ. முத்திரையும் தானே வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தவ.

— அவ செய்திருக்கிறா. நான் மறக்க, அவ செய்திருக்கிறா. ஒன்பது வருசம், மாகிரட்... பொறுங்கோ. ஆரிட்டைக் குடுத்தவ?

— நீங்கள் இதை அறிஞ்சிருப்பியள் எண்டுதான் இவ்வளவு காலமும் நான் நினைச்சன். மாகிரட் அக்கா சாக முந்தி சொல்லியிருப்பா எண்டு. எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காமல், காருக்குக் காத்தடிச்சுக்கொண்டு இருக்கிறார், எவ்வளவு பெரிய மனசு எண்டு நினைச்சன். மாதாமாதம் பிட்டோடை வந்து இந்தக் கதிரையில இருந்தது, இண்டைக்காவது கேட்டுவிடுவார் எண்டுதான்.

— என்னத்தைக் கேக்கிறது? எனக்கு விளங்கேல்லை, ரீச்சர். கடிதம் குலசிங்கத்தின்ர கைக்குப் போகேல்லையோ?

— அவர் குளிச்சுக்கொண்டு நிண்டவர். மாகிரட் அக்கா என்ர கையில தந்தவ. நாளைக்குக் காலமை தபாலில போட்டுவிடு எண்டவ. நான் ஓம் எண்டனான். அவரிட்டையும், போட்டிட்டன் எண்டனான்.

— போட்டிட்டன் எண்டு... பிறகு?

— அலுமாரிக்குள்ள, கூறைச் சீலைக்கு அடியில வைச்சன்.

— ஏன் பிள்ளை? ஏன்?

— றோட்டு முழுக்கச் சென்றி. ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் வீடு திரும்பேல்லை எண்டு கதை. சீல் வரும்மட்டும் கார் முத்தத்தில நிக்கும் எண்டு அவர் சொன்ன நேரம், எனக்கு உயிர் வந்தது, அண்ணை. பதினொரு நாள் அவர் வீட்டில நிண்டவர். பதினோராம் நாள் பின்னேரம் நல்லம்மா அழுதுகொண்டு ஓடிவர, செருப்பைப் போட்டுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தவர். கடிதம் வந்ததோ எண்டு கேட்டவர். இன்னும் இல்லை எண்டன். 'வரும், வரும், நீ போட்டனிதானே' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.

— அப்ப அவர் சென்றியில வரும் எண்டது...

— அவரை வீட்டில வைச்சிருக்கத்தான், அண்ணை, நான் அந்தக் கடிதத்தைப் போடேல்லை.